வெள்ளிக்கிழமை கறுக்கும் மீன்கள்

தேங்காய்ப்பட்டணத்தில் ஆற்றுமுகத்திலிருந்து மேட்டில் ஏறிவரும் செம்மண் தெருவில் நூஹுவின் வீடு. அந்த வீட்டில் காலைச் சாயாவுக்கு முன்னால் இரண்டு பரிசோதனைகள் நடக்கும். ஒன்று நூஹுவுக்கு, மற்றது மீனுக்கு.

நூஹு ஜன்னலோரக் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, விரல் நுனியில் ஊசியைக் குத்தி, ஒரு பொட்டு இரத்தத்தைப் பட்டையில் ஒற்றி, சர்க்கரை மிஷின் எண்ணைக் காட்டும்வரை உதட்டுக்குள் எதையோ ஓதிக்கொண்டிருப்பார். அதே ஜன்னல் வெளிச்சத்தில் அவருடைய மருமகன் ஷஹீர் நின்றுகொண்டு, கண்ணாடித் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரைச் சின்னக் குழாயில் கோடுவரை நிரப்பி, குப்பியைக் கவிழ்த்துச் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, மூடிக் குலுக்கி, நிற அட்டையோடு சேர்த்துப் பிடித்துப் பார்ப்பான். மஞ்சள் மஞ்சளாகவே நின்றால் நல்லது. பச்சைக்குத் திரும்பினால், மீனின் கழிவு தண்ணீரில் விஷமாகிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

“மாப்ளே, உங்க ஆளுக்கு இன்னைக்கு எவ்வளவு?”

“அமோனியா சைபர் மாமா. நைட்ரைட் சைபர். பி.எச். ஆறரை. உங்களுக்கு?”

“இருநூத்திப் பத்து.”

“ராத்திரி வட்டிலப்பம் தின்னியளா?”

“தின்னேனா? ருசி பாத்தேன்.” நூஹு மிஷினைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். “எனக்கு இருநூத்திப் பத்து, நான் கல்லுபோல இருக்கேன். மீனுக்கு எல்லாம் சைபரு. பின்ன அதுக்கு என்ன தீனம்?”

அந்த வீட்டில் அப்போது எல்லோருடைய வாயிலும் இருந்த கேள்வி அதுதான்.

படகு படகாகச் சாளையும் அயிலையும் வந்து இறங்குகிற ஊர் எங்கள் ஊர். மீன் என்றால் குழம்புக்கு, மிஞ்சினால் கருவாட்டுக்கு. அந்த ஊரில் ஒருவன் மீனுக்குத் தீனி போட்டு வளர்க்கிறான், அதுவும் கறிக்கடையில் மாட்டு இதயத்தைச் சொல்லிவைத்து வாங்கி, கொழுப்பு நீக்கி, பூப்போல அரைத்து ஊட்டுகிறான் என்றால் ஊர் சும்மா இருக்குமா? துறைமுகத்துக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் ஜன்னலில் எட்டிப் பார்த்து, “எலே ஷஹீரே, இத எத்தன கிலோ ஆனா வெட்டுவே?” என்று கேட்டார்கள். நூஹு ஒருவர்தான் கேட்கவில்லை. அவர் அந்த மீனை முதல்நாள் பார்த்ததும், “இது மீனில்ல மாப்ளே, நிமிந்து நீந்துக பத்திரி” என்றார்.

சரியாகத்தான் சொன்னார். டிஸ்கஸ் மீன், அரிசிமாவில் தட்டிச் சுடும் பத்திரிபோலவே வட்டம், தட்டை. ஷஹீரிடம் இருந்தது ஒரு ஜோடி. செங்கல் நிறத்து உடம்பில் நீலக் கோடுகள். ஷார்ஜாவில் அலங்கார மீன் கடையில் வேலை பார்த்தபோது அவன் அதன் சூட்சுமங்களைக் கற்றுக்கொண்டான். விடுமுறைக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. மார்த்தாண்டத்தில் மீன் கடை வைத்திருக்கும் லிஜினோடு சேர்ந்து வீடுகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் தொட்டி வைத்துக் கொடுத்து, மாதம் ஒருமுறை போய்க் கழுவிக் கொடுத்து, ஒருவிதமாகக் காலம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவிதமாகத்தான்.

“நீ டிஸ்கஸ் குஞ்சு எறக்கிக் காட்டு மக்கா,” என்று லிஜின் சொல்லியிருந்தான். “சென்னையிலேர்ந்து வாற குஞ்சுல பாதி வழியிலேயே போயிருது. நம்ம கெணத்து வெள்ளத்துல பொறந்த குஞ்சுன்னா எனக்குக் கண்ண மூடிட்டு விக்கலாம். பொறவு நீ ஷார்ஜாவ நெனைக்கவே வேண்டாம்.”

இன்னொரு பக்கம் ஃபஹீம். நூஹுவின் மகன், ஷஹீரின் மைத்துனன். கத்தாரில் இருக்கிறான். தான் வேலை செய்யும் சூப்பர் மார்க்கெட்டில் அத்தானுக்கு ஓர் இடம் பேசி வைத்துவிட்டு, “ஜூன் கடைசிக்குள்ள ஒரு வாக்கு சொல்லுங்கோ, வேற ஆளப் போட்டுருவான்” என்று போனில் நெருக்கிக்கொண்டிருந்தான். நல்ல எண்ணத்தில்தான். ஷஹீரின் மனைவி ஃபாஸிலா பிள்ளைத்தாய்ச்சி, ஏழாம் மாதம். கத்தாருக்குப் போனால் பிள்ளை முகத்தைப் போனில்தான் பார்க்க வேண்டும். குஞ்சு இறங்கினால் ஊர், இறங்காவிட்டால் கத்தார். அவனும் அவளும் அப்படி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்.

ஜோடி மோசமில்லை. கவிழ்த்து வைத்த மண்சட்டியை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்து, வரிசை வரிசையாக முட்டையிட்டு, ஆணும் பெண்ணும் மாறி மாறிச் செட்டையால் விசிறிக்கொடுக்கும். பார்க்கப் பார்க்கச் சலிக்காது. வீட்டில் சோறு பொங்காமல் போனாலும் போகும், மீன் விசிறுவதைப் பார்க்க ஃபாஸிலா நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஆனால் வெள்ளிக்கிழமை விடிந்தால் போதும். இரண்டும் கரிச்சட்டி போலக் கறுத்து, தொட்டி மூலையில் சாய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். முட்டை இருந்த இடம் வெறுஞ்சட்டி. பயந்துபோன டிஸ்கஸ் தன் முட்டையைத் தானே தின்றுவிடும்.

“வெள்ளிக்கிழம மட்டும் இதுக்கு என்ன வாதை?” என்றார் நூஹு.

ஷஹீர் தண்ணீரைச் சோதித்தான். எல்லாம் சரி. மருந்து கெட்டுப்போயிருக்குமோ என்று மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறிப்போய்ப் புதுக் குப்பி வாங்கிவந்து சோதித்தான். எல்லாம் சரி. கிணற்றுத் தண்ணீரை, மழைத் தண்ணீரை, கடைசியில் நூஹு குடிக்க வைத்திருந்த சீரகத் தண்ணீரையும் சோதித்தான். சீரகத் தண்ணீர் மட்டும் அட்டையில் இல்லாத நிறத்தைக் காட்டியது. வெள்ளிக்கிழமைகளில் தொட்டித் தண்ணீரின் மேலே சாற்றில் மிதக்கும் நெய்போல ஒரு மெல்லிய படலம் கிடந்தது. மாட்டு இதயத்தின் கொழுப்பு என்று நினைத்து, இன்னும் கவனமாக நீக்கினான்.

இனி ஃபாஸிலாவின் உம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நூர்ஜஹான் பேகம் வளர்ந்த வீட்டில், மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்கிற வழக்கம் கிடையாது. ஊரில் இப்போது பாதி வீடுகளில் மாமியும் மருமகனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சீரியல் பார்க்கிறார்கள். இந்த வீட்டில் மட்டும் பழைய சட்டம். பகை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மரியாதைதான். மரியாதை முற்றினால் அப்படித்தான், பேச்சு மூச்சு இருக்காது. ஷஹீர் சாப்பிட உட்கார்ந்தால் நூர்ஜஹான் கதவுக்குப் பின்னால் நிற்பாள். நடுவில் ஃபாஸிலா.

“மோளே, ஒறட்டி இன்னும் ரெண்டு வைக்கட்டான்னு கேளு.”

“ஒறட்டி வைக்கட்டா?”

“போதும்னு சொல்லு.”

“போதுமாம்மா.”

“எறைச்சிக்கு உப்பு கொறவான்னு கேளு.”

“எம்மா, அவியளுக்குக் காது உண்டு. கொறவு இல்லைன்னு தலைய ஆட்டியாச்சு.”

ஃபாஸிலா வீட்டில் இல்லாத நேரம் பூனை அந்த வேலையைப் பார்க்கும். “பூச்சே, உச்சைக்கு வாறாவளா இல்லியான்னு தெரிஞ்சா எனக்கு அரி போடலாம்” என்று நூர்ஜஹான் பூனையிடம் சொல்வாள். “பூச்சே, ரெண்டு மணி ஆவும்” என்று ஷஹீர் பூனையிடம் சொல்வான். பூனை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மீன் தொட்டிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். அதன் மனதில் இருந்த யோசனை வேறு.

கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான். மாமி சமைத்ததைத் தின்று அவன் உடம்பு தேறியது. அவன் வாங்கிவந்த மூட்டுவலித் தைலத்தில் அவளுடைய முழங்கால் தேறியது. ஒரு வார்த்தை கிடையாது.

மே கடைசியில் இடவப்பாதி மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழைக்கு வெட்கம் கிடையாது, அழைக்காத வீட்டிலும் ஏறிவரும். சாரல் அடித்துக் கட்டில் நனைகிறது என்று எல்லா ஜன்னல்களையும் அடைத்துவிட்டார்கள். ஆற்றில் செந்தண்ணீர் வந்தது. படகுகள் கரையேறின. ஊரில் பாதிப்பேருக்கு வேலையில்லாமல், மரச்சீனிக் கிழங்கும் கருவாடு அரைத்த சம்மந்தியும் சாயாவுமாக மீன் பார்க்க வரும் கூட்டம் அதிகமானது. ஜோடி கறுப்பதும் அப்போதுதான் தொடங்கியது.

“கண்ணு பட்டுட்டு மோளே,” என்றாள் நூர்ஜஹான். “ஊரு முழுக்க வந்து வாயத் தொறந்து பாத்தா எந்த மீனுதான் தாங்கும்?”

“உம்மா கண்ணேறுங்கா,” என்று ஃபாஸிலா கணவனிடம் சேர்ப்பித்தாள்.

“கண்ணேறுக்கு டெஸ்ட் கிட் கெடையாதுன்னு சொல்லு.”

ஒரு வியாழக்கிழமை பகல் முழுக்கக் காற்று. தென்னைகள் தலைவிரித்து ஆடின. பொழுது சாயும் முன்னே கரண்ட் போய்விட்டது. ஷஹீர் பள்ளிவாசலிலிருந்து இராத் தொழுகையான இஷாவும் முடித்துத் திரும்பியபோது தொட்டியில் ஒரு சத்தமும் இல்லை. காற்றுப் பம்பு நின்றிருந்தது, ஹீட்டர் நின்றிருந்தது. அவன் லோட்டாவால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தான், காற்று கலக்கட்டும் என்று. கரண்ட் வந்த பிறகு, நாளைக்கு இரண்டும் செத்து மிதக்கும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு படுத்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மீன்கள் புதுக்கல்யாணப் பட்டுப்போல் மினுங்கிக்கொண்டு, தீனி எங்கே என்று கண்ணாடியில் வந்து முட்டின.

“கரண்டு இல்லாத வெள்ளிக்கிழம நல்லா இருக்கு,” என்றார் நூஹு. “அப்பம் குத்தவாளி கரண்டுதான் மாப்ளே.”

ஷஹீருக்கும் அது சரியாகப்பட்டது. ஹீட்டரில் கரண்ட் கசிகிறது! நூஹு உள்ளே போய் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்தார். ஜித்தாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர், அந்த டெஸ்டரைக் கையில் எடுத்தால் இருபது வயது குறையும். ஒரு காலைத் தரையிலும் மறு காலை ரப்பர் செருப்பிலும் வைத்துக்கொண்டு டெஸ்டரைத் தண்ணீரில் விட்டார். விளக்கு எரியவில்லை. செருப்பை மாற்றிப் போட்டு விட்டுப் பார்த்தார். எரியவில்லை. பெண் மீன் வந்து டெஸ்டரை ஒரு கொத்து கொத்திவிட்டுப் போனது.

“இது ஒளிஞ்சு வாற கரண்டு,” என்றார் நூஹு, தோல்வியை ஒத்துக்கொள்ளாமல். எதற்கும் இருக்கட்டும் என்று புது ஹீட்டர் மாட்டினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மீன்கள் மறுபடியும் கறுத்தன.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை ஜோடி மறுபடி முட்டையிட்டது. முன்னெப்போதும் இல்லாத அளவுக்குச் சட்டி நிறைய. புதன்கிழமை பார்த்தால் முட்டைக்குள் கரும்புள்ளிகள் தெரிந்தன, உயிர் உண்டு என்பதற்கு அடையாளம். வியாழக்கிழமை இரவோ மறுநாளோ பொரிந்துவிடும். அந்தப் புதன்கிழமையே ஃபஹீம் கூப்பிட்டுக் கடைசிக் கெடு வைத்தான். ஷஹீர் போனை வைத்துவிட்டு, ஃபாஸிலாவின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னான்.

“வெள்ளிக்கிழம முட்ட இருந்தா இருக்கு. இல்லைன்னா ஃபஹீம்ட்ட செரின்னு சொல்லீருவேன். ஜோடிய லிஜின் எடுத்துக்கிடுவான்.”

“பிள்ள பொறக்கது வரைக்கும்?”

“அதுவரைக்கும் மொதலாளி நிக்க மாட்டானாம்.”

கதவுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோனது. நூர்ஜஹான் கேட்டுவிட்டாள்.

அவளுக்கு அந்தக் கணக்கு தெரியும். ஃபாஸிலா பிறந்தபோது நூஹு ஜித்தாவில். அவர் முதல்முறை விடுமுறையில் வந்து இறங்கியபோது பிள்ளைக்கு நடை வந்துவிட்டது. வாசலில் பெட்டியோடு நின்ற மனிதரைப் பார்த்து அலறி, உம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது. “வாப்பாம்மா, வாப்பா” என்று எத்தனை சொல்லியும் அந்த விடுமுறை முடிகிறவரை அவரை “மாமா” என்றே கூப்பிட்டது. நூஹு அதைச் சிரித்துக்கொண்டே எல்லோரிடமும் சொல்வார். நூர்ஜஹான் மட்டும் ஒருநாளும் அதற்குச் சிரித்ததில்லை.

வியாழக்கிழமை. எங்களுக்குப் பொழுது சாய்ந்தால் மறுநாள் பிறந்துவிடும். மக்ரிப் பாங்கு சொன்னதும் வெள்ளி இரவு. நூஹுவும் ஷஹீரும் குடை பிடித்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போவார்கள், இஷா முடித்துத்தான் வருவார்கள். அந்த நேரம் நூர்ஜஹான் சிரட்டைக் கரியில் கனல் மூட்டிச் சாம்பிராணி போடுவாள். பிள்ளைத்தாய்ச்சியான பிறகு ஃபாஸிலாவுக்கு அந்தப் புகை ஆகாது, குமட்டும். புகை போடும் முன்னே பக்கத்து வீட்டுக்கு எழுந்து போய்விடுவாள். இதில் புதிதாக எதுவும் இல்லை. வெள்ளி இரவில் சாம்பிராணி மணக்காத வீடும் ஒரு வீடா?

அன்றைக்கு ஷஹீர் முக்குவரை போய்விட்டான். அப்போதுதான் நினைவு வந்தது. சாயங்காலம் தண்ணீர் மாற்றியபோது அணைத்த ஹீட்டரைத் திரும்பப் போடவில்லை. மழைக் குளிரில் முட்டை விறைத்துப்போகும். குடையை மாமாவிடம் கொடுத்துவிட்டு, நனைந்துகொண்டே திரும்பி ஓடிவந்தான். வாசற்படியில் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

நூர்ஜஹான் பேகம் மீன் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். சாம்பிராணிச் சட்டியைத் தொட்டி ஸ்டாண்டின் கீழ்த் தட்டுக்குள் தள்ளிவைத்து, ஓலை விசிறியால் வீசிக்கொண்டு, மீனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“மக்கா, இந்த ஒரு தடவ தின்னாம இருங்கோ. நான் இன்னைக்கு ரெண்டு பங்கு போட்டிருக்கேன், எந்தக் கண்ணும் உங்கள ஒண்ணும் செய்யாது. ரெண்டு பேருமா நின்னு முட்டைக்குக் காத்து வீசிக் குடுக்கிய, பாக்க எவ்வளவு கொள்ளாம். எனக்க மோளுக்கும் அப்பிடி ஒருத்தன் பக்கத்துல நிக்கட்டும். நல்ல பிள்ள. எனக்கு இவ பொறக்கும்போ பக்கத்துல ஆரும் இல்ல, கேட்டுதா? கூப்பிட்ட சத்தத்துக்கு ஆரும் இல்ல.”

ஷஹீர் கேட்கக் கூடாததைக் கேட்டவன்போல் சத்தமில்லாமல் திரும்பிவிடப் பார்த்தான். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

சாம்பிராணிப் புகை மேலே போகவில்லை. அடைத்த ஜன்னலுக்குக் கீழே, காற்றில்லாத அறையில், சட்டியிலிருந்து கிளம்பிய புகை வளைந்து, நூல்போலத் திரண்டு, கீழ்த் தட்டில் உறுமிக்கொண்டிருந்த காற்றுப் பம்புக்குள் போய்க்கொண்டிருந்தது. மேலே தொட்டியில் குமிழிகள் வரிசையாக ஏறிவந்து உடைந்தன. உடைந்த ஒவ்வொரு குமிழியிலிருந்தும் ஒரு பொட்டுப் புகை வெளியே வந்தது. மீனுக்கு ஊட்டுகிற காற்று பூராவும் சாம்பிராணி. பெண் மீனின் முதுகு கறுக்கத் தொடங்கியிருந்தது.

“ஃபாஸிலா!” என்று கத்தினான். பழக்கதோஷம். ஃபாஸிலா பக்கத்து வீட்டில் இருந்தாள். “பூச்சே!” என்றான். புகை தாங்காமல் பூனையும் எப்போதோ போயிருந்தது. இடையில் ஆளில்லை.

“மாமி!”

நூர்ஜஹான் திடுக்கிட்டு எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எப்போதும் போலக் கதவுக்குப் பின்னால் ஓடி மறைந்தாள். நல்ல இடம்தான் பார்த்தாள். தொட்டிக்கு உள்ள பிளக்குகள் எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தன. ஷஹீர் இரண்டு எட்டு வைத்துக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டான். மாமி ஒதுங்கி நிற்கிற இடத்துக்குள் எப்படி நுழைவது? குமிழிகள் உடைந்துகொண்டிருந்தன.

“மாமி, உங்களுக்குப் பக்கத்துல வயரு இருக்கு! பிளக்கப் பிடுங்குங்கோ, சீக்கிரம்!”

ஓர் ஆயுளின் பழக்கத்தை மடித்து வைக்க அவளுக்கு ஒரு கணம் வேண்டியிருந்தது.

“மூணு கெடக்கே,” என்று குரல் வந்தது. “எது?”

அதுதான் அவள் மருமகனிடம் பேசிய முதல் பேச்சு.

“நடுவுல உள்ளது! வெள்ளை!”

“ரெண்டும் வெள்ளையாட்டு இருக்கு!”

“எல்லாத்தையும் பிடுங்குங்கோ மாமி!”

பிடுங்கினாள். பம்பு உறுமலை நிறுத்தியது. கடைசிக் குமிழி ஏறிவந்து ஒரு பொட்டுப் புகையை விட்டுவிட்டு அடங்கியது. ஷஹீர் சாம்பிராணிச் சட்டியைத் தூக்கி வாசலில் வைத்தான், ஜன்னல்களைத் திறந்துவிட்டான். சாரல் உள்ளே அடித்தது. பிறகு கதவின் பக்கம் திரும்பி, புகை எப்படிப் பம்புக்குள் போகிறது, பம்பு அதை எப்படித் தண்ணீருக்குள் தள்ளுகிறது, கரண்ட் போய்ப் பம்பு நின்ற வாரம் மட்டும் மீன்கள் ஏன் தப்பின என்று சொன்னான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு மெல்ல விலகியது. நூர்ஜஹான் வெளியே வந்து நின்றாள்.

“அப்பம் எல்லா வெள்ளிக்கிழமையும் நான்தானா?”

“மாமி...”

“கண்ணு பட்டுதுன்னு வாரா வாரம் கூடுதலா போட்டேன். முட்ட போவப்போவ இன்னும் கூடுதலா போட்டேன்.” அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “உங்கள கத்தாருக்கு ஏத்திவிட நான்தான் பாடுபட்டிருக்கேன்.”

“நீங்க துஆ கேட்டிய மாமி. உள்ள இழுத்தது பம்பு. பம்பக் கொண்டு கீழத் தட்டுல வச்சது நான்,” என்றான் ஷஹீர். “அழாதுங்கோ. இப்பம் வெள்ளம் மாத்தணும். டிரம்முல பிடிச்சு வச்ச வெள்ளம் இருக்கு. கோரித் தாறியளா?”

நூர்ஜஹான் முந்தானையை இடுப்பில் செருகினாள். அவன் குழாய் வைத்துத் தொட்டித் தண்ணீரை இறக்கினான். அவள் டிரம்மிலிருந்து வாளி வாளியாகக் கோரிவந்தாள். மூட்டுவலி எங்கே போனதோ. “பைய ஊத்துங்கோ மாப்ளே, முட்டைல படாம!” என்று அவள் சொல்ல, “படாது மாமி, நீங்க அடுத்த வாளியக் கொண்டாங்கோ” என்று அவன் சொல்ல, “மேல நெய்போலக் கெடக்கே, அத வழிக்கண்டாமா?” என்று அவள் கேட்க, அத்தனை வருஷத்துப் பேச்சும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்த நூஹு, தரையெல்லாம் தண்ணீர் கிடப்பதையும், நடுவில் தன் மனைவியும் மருமகனும் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருப்பதையும் பார்த்து வாசலிலேயே நின்றார். ஒரு தடவை வெளியே எட்டிப்பார்த்து வீட்டு நம்பரைச் சரிபார்த்தார்.

“நம்ம வீடுதானே?” என்றார்.

“மரம்போல நிக்காம அந்தத் துணியை எடுத்துத் தரையத் தொடைங்கோ,” என்றாள் நூர்ஜஹான்.

புகை விட்டதும் ஹீட்டரையும் பம்பையும் திரும்பப் போட்டுவிட்டுத்தான் அன்றிரவு படுத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை நூஹு தன் விரலைக் குத்திக்கொள்ளவே மறந்துவிட்டார். எல்லோரும் தொட்டிக்கு முன்னால் நின்றார்கள். ஆண் மீன் கொஞ்சம் கறுத்துத்தான் இருந்தது. பெண் மீன் நிறம் திரும்பி, சட்டிக்குப் பக்கத்திலிருந்து அசையாமல் விசிறிக்கொண்டிருந்தது. சட்டியின் மேல் முட்டைகளைக் காணோம். ஃபாஸிலா வாயைப் பொத்திக்கொண்டாள். ஷஹீர் குனிந்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தான். முட்டை இருந்த இடத்தில் மயிரிழைபோல வால்கள், நூற்றுக்கணக்கில், துடித்துக்கொண்டிருந்தன.

“பொரிஞ்சிட்டு,” என்றான். “மாமி, பொரிஞ்சிட்டு.”

மனைவியிடம் சொல்லவில்லை, மாமாவிடம் சொல்லவில்லை. ஃபாஸிலா அதைக் கவனித்தாள், கோபித்துக்கொள்ளவில்லை.

அடுத்த சில நாட்களில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கித் தாய் தகப்பன் மேனியில் போய் ஒட்டிக்கொண்டன. டிஸ்கஸ் குஞ்சுக்கு முதல் தீனி பெற்றவர்களின் தோலில் ஊறும் பால்போன்ற வழுவழுப்புத்தான். பெண் மீனுக்கு அலுத்தால் ஒரு சிலிர்ப்புச் சிலிர்க்கும், குஞ்சுகள் எல்லாம் கூட்டமாகத் தகப்பன் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். லிஜின் மார்த்தாண்டத்திலிருந்து பைக்கில் நனைந்து வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே குனிந்து பார்த்து, “மக்கா, மக்கா, மக்கா” என்று மூன்று தடவை சொன்னான். ஒரு ஈட்டுக் குஞ்சை வைத்து ஒரு குடும்பம் நடக்குமா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். போவதற்கு முன் அவன் அடுத்த ஈட்டுக்கும் சொல்லி வைத்துவிட்டுத்தான் போனான்.

அன்று மாலை ஃபஹீம் வீடியோவில் வந்தான். ஷஹீர் போனை எடுக்கும் முன் நூர்ஜஹான் அதை வாங்கிக்கொண்டாள்.

“எம்மா, அத்தான் எங்க? வாக்கு கேக்கணும்.”

“வாக்கு நான் சொல்லுகேன். மாப்ள வரல்ல.”

“அத்தான் சொன்னாவளா?”

“நான் சொல்லுகேன். இந்த வீட்டுல பொறந்த பிள்ள ஒண்ணு வாப்பாவ மாமான்னு கூப்பிட்டது போதும்.” போனைத் தொட்டியின் பக்கம் திருப்பினாள். “இன்னா பாரு. வாப்பா மேல எத்தன பிள்ள ஒட்டிக் கெடக்குன்னு பாரு.”

நூஹு கட்டிலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாக அந்தக் கதைக்குச் சிரிக்கிறவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. எழுந்து வந்து மனைவியின் பக்கத்தில் நின்று, அவரும் குஞ்சுகளைப் பார்த்தார்.

ஆகஸ்டில் நெய்யூர் ஆஸ்பத்திரியில் ஃபாஸிலாவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பிரசவ அறை வாசலில் ஷஹீரும் மாமியும் விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்றும், இரண்டு பேர் பேச்சிலும் தனக்கு ஒரு நொடி கண்ணயர முடியவில்லை என்றும் நூஹு இன்றைக்கும் குறைப்படுகிறார். பேசாமல் இருந்த காலத்தில் வீடு எவ்வளவு நிம்மதி என்கிறார்.

சாம்பிராணி நிற்கவில்லை. அது எப்படி நிற்கும்? வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததும் அடுக்களையிலிருந்து குரல் வரும்.

“மாப்ளே, பம்ப நிறுத்தியாச்சா?”

“நிறுத்தியாச்சு மாமி.”

“ஜன்னலு?”

“தொறந்தாச்சு.”

“பிள்ளைக்குப் புகை ஆவாது, கேட்டியளா. எடுத்துட்டு வெளிய போங்கோ.”

ஷஹீர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பான். பிள்ளைக்கு முகம் அடையாளம் தெரியத் தொடங்கிய பிறகு, ஒரு வியாழக்கிழமை மழை விட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையை வாங்கிக் கொஞ்சப் பார்த்தாள். அது உதட்டைப் பிதுக்கி, வீறிட்டு, திரும்பி வாப்பாவின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. வீடு முழுக்கப் புகை காட்டிவிட்டுச் சட்டியை ஏந்தி வந்த நூர்ஜஹான் பேகம் அதைப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்று, வாய்விட்டுச் சிரித்தாள்.